ருமி பாட்டும் ஒரு வேண்டாமும்

மார்ச் 18, புதன்

டோக்கியோ வந்து சேர்ந்தாயிற்று. நிஷி-கசாய் என்கிற பேட்டையில் மகள் வதனியின் வீடு. வீடு என்று அவள் சொல்கிறாள். எங்கள் ஊர் கோபியில் வீட்டுப் பூஜை அறை இதைவிட நாலு செங்கல் பெரிசு. குளியலறையில் நான் நிமிர்ந்து நின்றால் சோப்பை எடுக்க முடியாது, சோப்பை எடுத்தால் நிமிர முடியாது.

வந்த காரியத்தை முதல் நாளே எழுதி வைத்துவிடுகிறேன். வதனி, கென்டாரோ என்கிற ஜப்பான் பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். நான் ‘வேண்டாம்’ என்று சொல்ல வந்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஆயுள் பூராவும் இன்சூரன்ஸ் விற்றவனுக்குத் தெரியும், பெரிய சங்கதி எதையும் போனில் முடிக்கக் கூடாது. நேரில் உட்கார்ந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, காப்பி நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்லி, அதற்கப்புறம்தான் விஷயத்தை எடுக்க வேண்டும்.

என் வீட்டுக்காரி சௌந்தரம் இது பற்றி இன்னும் வாயைத் திறக்கவில்லை. விமானத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். மகள் கல்யாணம் அந்தரத்தில் தொங்கும்போது ஒரு தாய்க்கு இவ்வளவு நல்ல தூக்கம் எப்படி வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மார்ச் 19, வியாழன்

பையன் வந்தான். செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தான். பக்கத்தில் கோணலாகக் கிடந்த என்னுடையதையும் எடுத்துத் திருப்பி வைத்தான். என்னைக் கிளம்பச் சொல்கிறானோ என்று நினைத்தேன். இங்கே அதுதான் மரியாதையாம்.

“மாமா, சாப்பிட்டீங்களா” என்றான் தமிழில். வதனி பழக்கியிருக்கிறாள், போகட்டும். அடுத்து சௌந்தரத்திடம் திரும்பி, “அத்தை, முழங்கால் வலி இப்ப எப்படிங்க” என்றான். அவளுக்கு முழங்கால் வலி என்பதே எனக்குப் போன தீபாவளிக்குத்தான் தெரியும். “பரவால்லீங்க தம்பி, நீங்க அனுப்பின ஒட்டுப் பட்டி நல்லாக் கேக்குது” என்றாள் இவள். தூக்கத்துக்கான காரணம் விளங்கிவிட்டது.

அவன் போனதும் வதனியிடம் ஆரம்பித்தேன். “கண்ணு, அந்தியூர் நூல்மில்காரர் பையன் ஒருத்தன்…”

“அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். ரெண்டு வீட்டு அப்பாவும் சரின்னு சொன்னாத்தான் இந்தக் கல்யாணம். ஒளிஞ்சு போய் எல்லாம் கட்டிக்க மாட்டேன். ரெண்டு பேர்ல யார் வேண்டாம்னாலும் இல்லை.”

“அப்படிச் சொல்லு. அப்ப அந்தியூர்…”

“அவரும் இல்லீங்கப்பா. யாருமே இல்லை.”

சொல்லிவிட்டு ரசத்துக்குத் தாளித்தாள். கடுகு வெடித்த சத்தத்தில் நான் பதில் சொன்னதாக அவள் நினைத்திருக்கலாம். 

மார்ச் 20, வெள்ளி

கென்டாரோ வீட்டுக்குப் போனோம். கவாகோயே என்று ஊர். கோபியிலிருந்து ஈரோடு போகிற தூரம்தான், ஆனால் ரயிலில் ஒருவரும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, பக்கத்து ஆளின் சம்பளத்தை விசாரிப்பதில்லை. பொழுது எப்படிப் போகும்?

அப்பா பெயர் குரஹாஷி. டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறவர். என் வயசு, என்னில் பாதி எடை. ஆளை நேருக்கு நேர் பார்க்க மாட்டேன் என்கிறார். பக்கவாட்டிலேயே பார்க்கிறார். வாழ்க்கை பூராவும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பழக்கம் போலும். வதனி மொழிபெயர்க்க நான் பேசிய பேச்சுக்கு நம்மூரில் மூன்று பேர் பாலிசி எடுத்திருப்பார்கள். அவர் “ம்” என்றார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு “ம்”. அம்மா எமிகோ பரவாயில்லை, கலகலப்பான பொம்பளை. சௌந்தரமும் அவளும் பாஷையே இல்லாமல் சமையலறைக்குள் போய், ஊறுகாய் ஜாடி ஜாடியாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஸ்டேஷனில் கென்டாரோவிடம் கேட்டேன். “தம்பி, உங்கப்பா என்ன சொல்றாருங்க?”

“அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லலீங்க மாமா.”

“இன்னிக்கா?”

“ஒரு வருஷமா.”

ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து யோசித்தேன். என் மகளை ஒரு வருஷமாகத் தெரிந்தும் சரி என்று சொல்ல இந்த மனுஷனுக்கு மனசு வரவில்லையா? என் மகளுக்கு என்ன குறை? படிப்பா, லட்சணமா, ரசமா?

ஆகவே திட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம். முதலில் அவர் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று சொல்வேன். வரிசை முக்கியம். பெண் வீட்டார் வேண்டாமென்றால் கௌரவம். பையன் வீட்டார் முந்திக்கொண்டால் நான் கோபி பஸ் ஸ்டாண்டில் எப்படி நிற்பேன்?

மார்ச் 21, சனி

பாலிசி எடுக்காத ஆளிடம் பாலிசியைப் பற்றிப் பேசக் கூடாது. அவனுக்கு எது உசுரோ அதைப் பேச வேண்டும். காங்கேயம் காளை வளர்ப்பவரிடம் காளை, பேரன் பைத்தியத்திடம் பேரன். குரஹாஷிக்கு எது உசுர் என்று கென்டாரோவைக் கேட்கலாமென்று போனை எடுத்தேன்.

“அவனை ஏன் கேக்கறீங்க? ருமிதான்” என்றாள் சௌந்தரம்.

“எந்த ருமி?”

நேற்று எமிகோ ஊறுகாய்க்கு நடுவே ஒரு அலமாரியையும் திறந்து காட்டியிருக்கிறாள். உள்ளே ரோஜா நிறத்தில் ஒரு மேல்சட்டை, முதுகில் பெரிய எழுத்தில் ஒரு பெயர். ஹொஷினா ருமி. நாங்கள் எல்லாம் இளவட்டமாக இருந்த காலத்தில் ஜப்பானையே ஆட்டிவைத்த பாட்டுக்காரி. பதினாறு வயசில் பாட வந்தாள், இருபத்திரண்டில் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டு மைக்கை விட்டுவிட்டாள். அதன்பின் ஒரு வரி பாடவில்லை. நம்ம குரஹாஷி அவளுடைய ரசிகர் படையில் ஒரு ஆள். அவள் கல்யாணச் செய்தி வந்த அன்றைக்கு டிரைவிங் ஸ்கூல் காரை மதில்மேல் ஏற்றினாராம். ஸ்கூல் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த ஒரு விபத்துதான் என்று எமிகோ போனில் மொழிபெயர்த்துக் காட்டிச் சிரித்தாளாம்.

“இத்தனையும் ஊறுகாய் ருசி பார்க்கிற நேரத்துக்குள்ளயா?”

“நீங்க பேசிட்டே இருந்தீங்க. எங்களுக்கு நேரம் இருந்துச்சுங்க.”

மார்ச் 22, ஞாயிறு

காலையிலிருந்து ருமி. வதனியின் கணினியில் ஒன்றுவிடாமல் கேட்டுவிட்டேன். வார்த்தைகளைப் போன் மொழிபெயர்த்தது.

என் அபிப்பிராயம்: இந்தப் பெண்ணுக்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. ‘எலுமிச்சை நிறப் பேருந்து’ என்கிற பாட்டில் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கிறாள். ‘ஜூலைக்குப் பதில் இல்லை’யில் தபாலுக்கு. ‘விளக்குக் கோபுரத்தில் மழை’யில் கப்பலுக்கு, அதுவும் குடை இல்லாமல். ரயில் ஒரு நிமிஷம் தாமதமானால் மன்னிப்புக் கேட்கிற நாட்டில் இவளுக்கு மட்டும் எதுவும் வந்து சேர்வதில்லை. நம்ம ஊர்க் கதாநாயகியாக இருந்தால் இந்நேரம் மரத்தைச் சுற்றி முடித்திருப்பாள்.

குரல் அப்படியொன்றும் பிரமாதமில்லை. மேலே போகும்போது லேசாக உடைகிறது. அந்த உடைகிற இடத்தை மட்டும் ஐந்தாறு தடவை திரும்பக் கேட்டேன், குறை கண்டுபிடிப்பதற்காக.

மார்ச் 24, செவ்வாய்

வரும் சனிக்கிழமை இரண்டு குடும்பமும் கரோக்கி போவதாக ஏற்பாடு. சின்ன அறை, சோபா, டி.வி. பெட்டி. டி.வி.யில் வரி ஓடும், நாம் மைக்கைப் பிடித்துப் பாட வேண்டும். கடைசியில் எந்திரம் நூற்றுக்கு மார்க்குப் போடும். குரஹாஷி அங்கே ஒரே ஒரு பாட்டுத்தான் பாடுவாராம், ‘விளக்குக் கோபுரத்தில் மழை’. இதையும் எமிகோவே சொல்லியிருக்கிறாள்.

எனக்குப் பளிச்சென்று பட்டுவிட்டது. அவருக்குப் பிடித்த பாட்டை, அவர் முன்னால், அவர் பாஷையில் நான் பாடினால்? எந்தக் கல்லும் கரையாதா? கார்த்திகை மாசம் எங்கள் தெரு ஐயப்பன் பஜனைக்கு நான்தான் முன்பாட்டு. சுருதி விலகாது. வார்த்தை முழுவதையும் தமிழில் எழுதிக்கொண்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

“ஏனுங்க, வேண்டாம்னு சொல்றதுக்கா இத்தனை பாடு?” என்றாள் சௌந்தரம்.

“வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“இருக்குங்க, இருக்குங்க” என்று சொல்லிக்கொண்டே அடுப்பைத் துடைத்தாள். அடுப்பு ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மார்ச் 25, புதன்

உரக்கப் பாடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். தாளம் சரியாக இருந்தது.

மார்ச் 28, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

விருந்தாளி என்று மைக்கை முதலில் என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுந்து, எல்லோருக்கும் ஒரு கும்பிடு போட்டு, கென்டாரோவிடம் பாட்டின் பெயரைச் சொன்னேன். அவன் கை பொத்தான்மேல் நின்றுவிட்டது. “மாமா, வேற பாட்டு…” என்றான். கூச்சப்படுகிறான் என்று நினைத்து நானே அமுக்கினேன்.

பாடினேன். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே பாடினேன். மேலே உடைகிற இடத்தில் ருமியைப் போலவே உடைத்தேன். நடுவில் குரஹாஷியைப் பார்த்தேன். தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இரண்டு மூன்று தரம் வாயைத் திறந்து திறந்து மூடினார். கரைகிறார் என்று சந்தோஷமாக அடுத்த சரணத்துக்குப் போனேன்.

பாட்டு முடிந்தது. கை தட்டினது சௌந்தரம் ஒருத்திதான். எந்திரம் தொண்ணூற்றொன்று போட்டது, நட்சத்திரம் எல்லாம் பறந்தது. எமிகோ தரையைப் பார்த்தாள். குரஹாஷி எழுந்து, ஒருமுறை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பின் யார் மைக்கை நீட்டியும் அவர் பாடவில்லை. கலைந்து போகிற வரைக்கும் வறுத்த உருளைக்கிழங்கை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தார்.

ரயிலில் ஒருவரும் பேசக் கூடாதென்ற வழக்கத்தை வதனி உடைத்தாள். மெதுவாகத்தான் பேசினாள். அது இன்னும் மோசம்.

“அப்பா, இங்க ஒருத்தரோட பாட்டுன்னா அது அவரோடது. அவர் முன்னாடி வேற யாரும் அதைத் தொட மாட்டாங்க. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“நம்ம ஊர்ல ஒருத்தருக்குப் புடிச்ச பாட்டை அவருக்காகப் பாடுனா பெருமைதானே கண்ணு.”

“நம்ம ஊர்லீங்கப்பா. அவர் ஆயுசுக்கும் அதுல எண்பத்தெட்டுக்கு மேல வாங்கினது இல்லை. நீங்க தொண்ணூத்தியொண்ணு.”

“எந்திரம் போட்டதுக்கு நான் என்ன பண்ணட்டும்?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

நியாயமாகப் பார்த்தால் இன்று நான் சந்தோஷமாக இருக்க வேண்டும். அவர் எப்படியும் முடியாது என்று சொல்லிவிடுவார். நான் வேண்டாம் என்று சொல்கிற சிரமமும் மிச்சம். அந்தியூர்க்காரர் போன் நம்பரைத் தேடி எடுத்தேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டேன், இங்கிருந்து பேசினால் நிறைய ஆகும்.

வதனி குளியலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். “தண்ணியை இப்படி வீணாக்கறாளே” என்றேன். சௌந்தரம் என்னைப் பார்த்தாள். கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பி, கடைக்குப் போகாமல் பூங்காவில் உட்கார்ந்திருந்தேன். பூ பூத்திருக்கிறது என்று ஊரே படம் எடுத்துக்கொண்டிருந்தது. பூதான்.

மார்ச் 30, திங்கள்

கென்டாரோ போன் செய்தான். நாளை அவன் அப்பாவுக்கு விடுமுறை. என்னை மட்டும் தனியாகக் கூட்டிப்போக வருகிறாராம். எதற்கு என்று கேட்டேன். “தெரியலீங்க மாமா. அப்பா ‘தனியா’ன்னு மட்டும் சொன்னாரு.”

“போயி மன்னிப்புக் கேட்டுருங்க” என்றாள் சௌந்தரம்.

“என்ன பாஷையில?”

“குனியறதுக்குப் பாஷை எதுக்குங்க?”

மார்ச் 31, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூல் காரிலேயே வந்தார். நான் உட்கார்ந்த பக்கத்துச் சீட்டில், வாத்தியாருக்காகக் காலடியில் ஒரு பிரேக் இருந்தது. எனக்கு அது தெரியாது. ஒரு லாரி குறுக்கே வந்ததும், பயத்தில் காலை ஊன்றினேன். கார் குலுங்கி நின்றது. குரஹாஷி பக்கவாட்டில் என்னைப் பார்த்தார். “ம்” என்றார். இந்த “ம்” முன்னதைவிடக் கொஞ்சம் நீளம்.

ஆற்றங்கரையில் நிறுத்தினார். போனை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். அவர் ஜப்பான் பாஷையில் சொல்ல, ரயில்வே அறிவிப்புக்காரி மாதிரி ஒருத்தி அதைத் தமிழில் சொன்னாள். நான் முந்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே குனிந்தேன். சீட் பெல்ட் பாதியில் பிடித்துவிட்டது.

“வேண்டாம். எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வெட்கம்” என்றாள் போன்காரி.

அப்புறம் அந்த மனுஷன் பேசினார் பாருங்கள். ஒரு வருஷத்துக்குச் சேர்த்து வைத்ததைப் பேசினார். ருமியின் பாட்டில் பாதிதான் ருமியுடையதாம். மீதிப் பாதி ரசிகர் படையுடையது. வரிக்கும் வரிக்கும் நடுவில், குறித்த இடத்தில், எல்லோரும் ஒரே குரலில் அவள் பெயரைச் செல்லமாக ‘ச்சான்’ சேர்த்துக் கத்த வேண்டும். எந்த இடத்தில் எத்தனை தரம் என்று படைக்குப் பயிற்சி கொடுத்தவரே இவர்தான். இவர் கத்தினால் பின்னால் முன்னூறு பேர் கத்துவார்கள்.

“எனக்குப் பாட வராது. நான் பாடுகிறவன் இல்லை, கத்துகிறவன். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அவள் பாட்டைப் பாடுவதில்லை. யாராவது பாடினால்தானே கத்த முடியும்? ஆகவே நானே பாடி, கத்த வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்வேன். இதை என் பாட்டு என்று நினைத்து எல்லோரும் எனக்காக விட்டுவைத்துவிட்டார்கள்.”

“சனிக்கிழமை?” என்றேன்.

“நீங்கள் பாடினதும் கத்தல் கழுத்து வரை வந்துவிட்டது. வருங்கால மருமகள் முன்னால் எப்படிக் கத்துவது?”

‘மருமகள்’ என்று போன்காரி தப்பாகச் சொல்லிவிட்டாளோ என்று திரும்பக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

“அப்புறம் ஏனுங்க சரின்னு சொல்லாம இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

அவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “பையன் இந்தியாவுக்குப் போய்விடுவான். அதற்கப்புறம் எனக்குப் பேச ஆள் கிடையாது.”

இவர் அவனிடம் பேசி நான் பார்த்ததே இல்லை. அதை ஒரு ஓரமாக வைத்துவிட்டுச் சொன்னேன்: “உங்க பையன் எங்கீங்க போறான்? இங்க வந்து உக்காந்துட்டு ஊர்ப் பக்கமே வராம இருக்கறவ எம் மகளுங்க. ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு பொங்கலுக்கு வந்தா. அதுவும் நாலு நாளு.”

போன்காரி அதை ஜப்பான் பாஷையில் சொல்லி முடித்தாள். அவர் தன் பக்கத்துக் கார்க் கண்ணாடியை இறக்கினார். நானும் இறக்கினேன். ஆற்றில் ஒருத்தன் படகு தள்ளிக்கொண்டிருந்தான். நன்றாகத் தள்ளினான்.

அங்கிருந்து நேராகக் கரோக்கி. பட்டப்பகலில் இரண்டு கிழங்கள். கதவைச் சாத்தினதும் அவர் பையிலிருந்து அந்த ரோஜா நிறச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான் எட்டவில்லை. நான் பாட ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்ததும் அவர் காலை அகட்டி நின்று “ரூ-மி-ச்சான்” என்று ஒரு கத்துக் கத்தினார். நான் சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அந்த உடம்புக்குள் அந்தக் குரல் எங்கே இருந்ததோ. கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, குனிந்து மன்னிப்புக் கேட்டுப் போனாள்.

பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வாத்தியார் வாத்தியார்தான், அரை நொடி பிசகினால் மேசையைத் தட்டி நிறுத்திவிடுகிறார். அவர் பாட, நான் கத்தினேன். நான் பாட, அவர் கத்தினார். ‘எலுமிச்சை நிறப் பேருந்து’, ‘ஜூலைக்குப் பதில் இல்லை’, ஒன்றையும் விடவில்லை. எங்கள் பஜனைச் சரணம்போலத்தான், எனக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. கத்தல் எல்லாம் மைக்குக்குள் போனதில் எந்திரம் குழம்பிப்போய் நாற்பத்துமூன்று மார்க் போட்டது. குரஹாஷி அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 1, புதன்

குரல் போய்விட்டது. காற்றுத்தான் வருகிறது.

குரஹாஷி நேற்றே வீட்டில் சரி என்று சொல்லிவிட்டாராம். கென்டாரோ சொன்னதைக் கேட்டு வதனி போனைக் கீழே வைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். டார்ச் அடித்துப் பார்த்தவர், என்ன தொழில் என்று கேட்டார். வதனி ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார். இரண்டு மூன்று நாள் பேசக் கூடாது என்று உத்தரவு.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் தாயும் மகளும் எதிரில் உட்கார்ந்தார்கள். வரிசைப்படி எல்லாம் நடந்துவிட்டது. அவர் சரி என்று சொல்லியாயிற்று, பாக்கி நான்தான்.

“அப்பா, நீங்க என்ன சொன்னாலும் சரி. சொல்லிட்டீங்கன்னா நான் பாட்டுக்கு இருந்துக்குவேன்” என்றாள் வதனி. குரல் நடுங்காமல்தான் சொன்னாள். விரல்தான் மேசைத் துணியின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன். காற்று.

சௌந்தரம் ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் தள்ளினாள். “தொண்டைதானுங்களே கட்டியிருக்கு. கைக்கு ஒண்ணுமில்லையே.”

பேனாவை வாங்கி ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தேன். நன்றாக எழுதியது. மூடியைப் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இவ்வளவு பெரிய சங்கதியை எழுதியா கொடுப்பது? நேரில், வாயால் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

“அப்ப தொண்டை சரியானதும் சொல்லிருவீங்க” என்றாள் சௌந்தரம்.

தலையை ஆட்டினேன்.

ஊருக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள் இருக்கிறது. சௌந்தரம் ஊரிலிருந்து கொண்டுவந்த சுக்கு, மிளகு, திப்பிலி எல்லாம் தட்டிப்போட்டு, தொண்டை உடனே திறந்துகொள்ளும் என்று சொல்லி ஒரு பெரிய டம்ளர் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றவள், வதனி கூப்பிட்டதும் உள்ளே போனாள். பால்கனியில் ஒரு பூந்தொட்டி இருக்கிறது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் அதில் ஊற்றிவிட்டேன். சாயங்காலமும் ஒரு டம்ளர் உண்டாம். தொட்டி தாங்கும்.